விளக்கடிப் பானை

தமிழ்ச்செல்வி அண்ணனின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கிணற்றைத்தான் எட்டிப் பார்த்தாள்.

சிதம்பரத்தில் ஏறிய பஸ்ஸிலேயே அழுது தீர்த்துவிட்டுத்தான் கடலூருக்கு முன்னால் இறங்கியிருந்தாள். தெருமுனையில் மோளக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் பந்தல் ஏறிக்கொண்டிருந்தது. வீட்டை நெருங்கும்போதே ஏதோ குறைவது காதுக்குத் தெரிந்தது. கிணற்றிலிருந்து ராப்பகலாக வந்துகொண்டிருக்கும் களகளச் சத்தம் இல்லை. கால்கள் தாமாகவே பக்கவாட்டுக்குத் திரும்பிவிட்டன.

"பாத்தியாடி, கூடப் பொறந்தவ வந்ததும் வராததுமா கெணத்த எட்டிப் பாக்குறா. பெட்டிக்குள்ள கெடக்குறவன் யாரு வூட்டு அண்ணன்?" என்றாள் பெரியம்மா முறையான இருசம்மாள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. தமிழ்ச்செல்வி உள்ளே நடந்தாள்.

சத்தம் நின்ற காரணம் கூடத்தில் இருந்தது. ஐஸ் பெட்டிக்குக் கரண்டு வேண்டும் என்று யாரோ கிணற்றின் காற்று மோட்டார் வயரைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். அவள் வயரை எடுத்துப்போய் அடுப்பங்கரையில் மிக்ஸி பிளக்கில் சொருகினாள். கிணறு ஒருமுறை விக்கிவிட்டுப் பழையபடி களகளக்க ஆரம்பித்தது. அதன் பிறகுதான் பெட்டியின் கண்ணாடி மேல் கவிழ்ந்து "அண்ணா" என்று கத்தினாள்.

இளவரசுக்கு ஐம்பத்து நான்கு வயது. கல்லீரல் கெட்டு இரண்டு வருஷமாகப் படுக்கையும் நடையுமாக இருந்தவன், இன்று விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டான். குடிக்காதவனுக்குக் கல்லீரல் எப்படிக் கெடும் என்று டாக்டர் கேட்டதற்கு, "நான் வேல செஞ்ச எடத்த வந்து மோந்து பாருங்க சார்" என்றானாம். இருபத்தாறு வருஷம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஒப்பந்தக் கூலி. கழிவுத் தொட்டிக்குள் இறங்கி அடிச்சேற்றை வாரும் வேலை. அந்தச் சேறு எங்கே போகிறது என்று அவனுக்குத் தெரியும். ஊர்க் கிணறுகளில் ஃபினாயில் வாடை அடிக்க ஆரம்பித்தபோதும் அவன் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறந்தால் உலை கொதிக்காது. ஊர் லாரித் தண்ணீருக்கும் கேன் தண்ணீருக்கும் மாறி இருபது வருஷமாகிவிட்டது.

தமிழ்ச்செல்வி சிதம்பரத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். குப்பி கழுவுவதில் தொடங்கி, இப்போது கிருமி வளர்க்கிறாள். அந்த நஞ்சையே சோறாகத் தின்னும் கிருமிகள். காற்றும் கொடுத்து, பிடித்துக்கொள்ளத் தேங்காய் நார்க் கயிறும் தொங்கவிட்டால், தண்ணீரில் இருக்கும் விஷத்தைத் தின்றுவிட்டுத் தண்ணீரை மட்டும் விட்டுவைக்கும். சோதனைக்கு அண்ணன் வீட்டுக் கிணற்றைத்தான் கேட்டாள். இரண்டு முறை ஆய்வுக்கூடத்துக் கிருமியை விட்டார்கள். இரண்டு முறையும் செத்துப்போயிற்று.

மூன்றாவது முறை இளவரசே ஒரு டப்பா நிறையச் சேறு கொண்டுவந்து கிணற்றில் கொட்டினான்.

"எங்கேர்ந்துண்ணா?"

"கம்பெனிக்குப் பின்னாடி ஒரு எடம். புல்லு பூண்டு மொளைக்காது. அங்க ஒண்ணு உசுரோட இருந்திச்சின்னா அது எதையும் தாங்கும்."

எந்த இடம் என்று கடைசிவரை சொல்லவில்லை. ஒரு மாதத்தில் நார்க் கயிறுகளில் ஒரு தோல் பிடித்தது. ஆட்டுக் குடலின் உட்பக்கம் போல வழவழப்பாக, பழுப்பும் சிவப்புமாக, டார்ச் அடித்தால் லேசாக அசையும். பார்க்கவே அவளுக்கு முதுகு சிலிர்த்தது. அண்ணனோ கிணற்றடியில் கட்டிலைப் போட்டுக்கொண்டு அதனோடு பேசிக்கொண்டிருப்பான். "இவனுங்க மூச்சு விடுறது கேக்குது பாரு" என்பான். வாரா வாரம் வாடை குறைந்துகொண்டே வந்தது. தோலில் ஒரு துண்டு வெட்டித் தரச்சொல்லி அவள் கேட்டபோதெல்லாம், "பச்சப்புள்ளயக் கிள்ளாத. நல்லாப் புடிக்கட்டும்" என்று தடுத்துவிட்டான். கடைசியில் இந்தச் சனிக்கிழமை எடுத்துக்கொள் என்றான். அதற்காக வைத்திருந்த இரண்டு கண்ணாடிக் குப்பிகளும் இப்போது அவள் கைப்பையில்தான் இருந்தன. சாவு வீட்டில் குப்பியும் கையுமாகக் கிணற்றடியில் நின்றால் இருசம்மாள் பெரியம்மா என்ன சொல்லுவாள்? அண்ணனை எடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பையின் ஜிப்பை மூடிவிட்டாள்.

மதியம் இளவரசின் மகன் சேரன் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தான். குளிப்பாட்டப் பெட்டியைத் திறந்தார்கள். லாரித் தண்ணீர் டிரம்மை உருட்டிக்கொண்டு வந்த பங்காளிகளை அண்ணி தைலம்மாள் கைநீட்டி நிறுத்தினாள்.

"கெணத்துத் தண்ணியிலதான் ஊத்தணும். அவுரு சொல்லிட்டுப் போயிருக்காரு."

"அந்தத் தண்ணியிலயா? என்னாம்மா பேசுற?"

எல்லோரும் தமிழ்ச்செல்வியைப் பார்த்தார்கள். "எறைங்க" என்றாள்.

முதல் குடம் மேலே வந்தது. ஊற்றினார்கள். மோளம் தானாக நின்றுவிட்டது. இருபது வருஷமாக மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப்போன தண்ணீர் அது. ஊற்றியவர்கள் ஈரக் கையை மோந்து பார்த்தார்கள். இருசம்மாள் பெரியம்மா குனிந்து, தரையில் ஓடிய தண்ணீரை விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனாள். "ஒண்ணுமே இல்லியே" என்று கிசுகிசுத்தாள். அப்படிச் சொன்னவள் ஏனோ பயந்தவள் மாதிரி புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அண்ணனின் முகம் நனைந்து பளபளத்தது. தமிழ்ச்செல்விக்குப் பெருமை பொங்கியது. அந்த நேரத்தில் பெருமைப்பட்டதற்காக வெட்கமாகவும் இருந்தது.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். பெண்கள் தெருமுனையோடு நிற்க வேண்டும். செந்தமிழ்ச்செல்வன், தைலம்மாளின் அண்ணன், நல்ல மனுஷன், காலையிலிருந்து அத்தனை வேலையையும் தலையில் போட்டுக்கொண்டு ஓடியவர், அவளைத் தாண்டும்போது நின்றார். கையெல்லாம் வெள்ளையாக இருந்தது.

"அழுவாத செல்வி. வூடு கழுவுறதும் கெணத்துத் தண்ணியிலதான்னு தங்கச்சி சொல்லிச்சி. எட்டிப் பாத்தேன். தோலுதோலா என்னமோ தொங்குது, கொமட்டிக்கிட்டு வந்திச்சி. ரெண்டு மூட்ட பிளீச்சிங் பவுடரு பிரிச்சிக் கொட்டிட்டேன். இனிமே சுத்தமா இருக்கும்."

"எப்ப மாமா?"

"மச்சானைப் பாடையில வைக்கும்போது. அர மணி இருக்கும்."

அவர் பாடைக்குப் பின்னால் போய்விட்டார். அவள் வீட்டைப் பார்த்து ஓடினாள். அண்ணன் போன துக்கம் தாங்காமல் ஓடுகிறாள் என்று பெண்கள் வழிவிட்டார்கள்.

பிளீச்சிங் நெடி கண்ணைக் கரித்தது. கயிறு ஒன்றை இழுத்துப் பார்த்தாள். வெளுத்த தோல் பாலாடை மாதிரி கழன்று தண்ணீரில் விழுந்தது. அடுத்த கயிறு. அடுத்தது. அத்தனையும் அப்படித்தான். காற்று மோட்டார் மட்டும் ஒன்றும் தெரியாமல் களகளத்துக்கொண்டிருந்தது. காலையில் ஒரு குப்பி, ஒரே ஒரு குப்பி எடுத்திருக்கலாம். சேறு எடுத்த இடம் தெரிந்த ஒரே ஆள் இந்நேரம் பாதி வழி போயிருப்பான். அவள் கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அண்ணனை இன்னொரு தரம் சாகக் கொடுத்த மாதிரி இருந்தது.

வீடு கழுவ வந்த தைலம்மாள் கிணற்றையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தாள். வாடையிலேயே புரிந்துகொண்டாள்.

"எல்லாமேவா செத்துப்போச்சி?"

"எல்லாந்தான் அண்ணி."

தைலம்மாள் கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள். பிறகு குரலை இறக்கினாள். "உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாரு. மூணு மாசமா இந்தத் தண்ணியத்தான் குடிச்சாரு."

"டெஸ்ட் முடியாம யாரும் வாயில வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேனே!"

"நானும் சண்டை போட்டேன். 'போவப்போற ஒடம்புதான, குடிச்சிப் பாத்துடறேன். ஊருக்கு நான் வேற என்னாத்தக் குடுக்கப்போறேன்'ன்னாரு. கட்டிலுக்குக் கீழ ஒரு பானை வச்சி, கெணத்துக் கயித்துல ஒரு முழம் அறுத்து உள்ள போட்டு..."

"அந்தப் பானை எங்க?"

"செத்தவங்க பொழங்கினத வூட்டுல வைப்பாங்களா? பாயி, தலகாணியோட சேத்து ஓடைக்கரையில போட்டாச்சி."

ஓடைக்கரை சுடுகாட்டுப் பாதையில் இருந்தது. பெண்கள் போகிற இடமில்லை. அவள் போனாள். தூரத்தில் கருவேல மரங்களுக்கு மேல் புகை ஏறத் தொடங்கியிருந்தது. அந்தப் பக்கம் திரும்பாமல் நடந்தாள். ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. பாய் விரிந்தபடியே கிடந்தது, யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி. தலையணையில் தலை வைத்த பள்ளம் அப்படியே இருந்தது. பானை விளிம்பு உடைந்து ஒருக்களித்துக் கிடந்தது. அடியில் நான்கு விரற்கடைத் தண்ணீர். அதற்குள் சுருண்டு கிடந்த நார்க் கயிற்றில் அந்தத் தோல் பழுப்பும் சிவப்புமாக, ஈரமாக இருந்தது. அவள் குனிந்து பார்க்கும்போதே ஒரு குமிழி மேலே வந்து உடைந்தது.

பானையை முந்தானையால் மூடி, இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினாள். வழியில் கைவிடப்பட்ட அடிபம்பு ஒன்று இருந்தது. குடிக்கக் கூடாது என்று சிவப்புப் பெயின்ட் அடித்தது. அதை அடித்து அடித்துப் பானையைக் கழுத்துவரை நிரப்பினாள். ஃபினாயில் வாடை குப்பென்று வந்தது. அவற்றுக்குச் சோறு அதுதான்.

வாசலில் இருசம்மாள் நெஞ்சில் கைவைத்துவிட்டாள். "அடிப் பாவி! வெளிய போட்ட பானைய உள்ள கொண்டாறியே, அவனையும் கூடவே கூட்டியாறியா?"

கூடத்தில் கூடியிருந்த பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். தமிழ்ச்செல்வி பானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கிருமி என்றால் இன்னும் பயப்படுவார்கள். தைலம்மாள்தான் அடுப்பங்கரையிலிருந்து வந்தாள். உடல் கிடந்த இடத்தில் சாணம் மெழுகி, அகல் விளக்கை ஏற்றினாள். பக்கத்தில் வைக்கவேண்டிய தண்ணீர்ச் சொம்பை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"அவுரு சொம்புல குடிக்க மாட்டாரு. இதுலதான் குடிப்பாரு. இங்க வை செல்வி" என்றாள்.

அதற்கு மேல் யாரும் தடுக்க முடியவில்லை. கட்டியவளே சொல்லிவிட்டாளே. ஆனால் அன்று கூடத்தில் படுக்க ஒருத்தரும் வரவில்லை. வாடைக்குப் பயந்தார்களா, பானைக்குப் பயந்தார்களா என்பது அவரவருக்கே வெளிச்சம்.

காலையில் பால் தெளிக்கப் புறப்படும் முன் எல்லோரும் விளக்கைச் சுற்றிக் கூடினார்கள். அகல் எரிந்துகொண்டிருந்தது. பானையில் தண்ணீர் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. மண்பானை கசியும் என்று தமிழ்ச்செல்விக்குத் தெரியும். அவள் அதைப் பார்க்கவில்லை. மூக்கைத்தான் பானைமேல் வைத்தாள். மழைக்கு முந்திய மண் வாசனை மட்டும் வந்தது. பையிலிருந்து இரண்டு குப்பிகளையும் எடுத்தாள். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாரில் இரண்டு துண்டு வெட்டிக் குப்பிக்கு ஒன்றாகப் போட்டு மூடினாள்.

இருசம்மாள் பெரியம்மாவும் மெல்லக் குனிந்து மோந்தாள். நிமிர்ந்தபோது அவள் கண் நிலைகுத்தியிருந்தது.

"ராத்திரி அந்த நாத்தம் நாறிச்சே. குடிச்சிருக்கான். வந்து குடிச்சிருக்கான்டி."

தமிழ்ச்செல்வி குப்பிகளைப் பைக்குள் வைத்தாள். தைலம்மாள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூலையில் இருந்த பிளாஸ்டிக் குடத்தை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"அந்த அடிபம்புல இன்னும் ஒரு கொடம் கொண்டா. பசியோட இருப்பாரு."

அவள் குடத்தை வாங்கிக்கொண்டு இறங்கினாள். சற்று நேரத்தில் ஓடைப் பக்கமிருந்து துருப்பிடித்த பம்பின் சத்தம் கேட்கத் தொடங்கியது.