ஒரு வாய்

சற்குணம் மூன்றாவது முறையாக அப்பாவின் தாடையைக் கட்டினாள். துணியை உச்சந்தலையில் இழுத்து முடிந்து கையை எடுப்பதற்குள் முடிச்சு நெகிழ்ந்து, விடியற்காலையில் செத்துப்போன ஜீவரத்தினத்தின் வாய் மெல்லத் திறந்துகொண்டது. கூடவே அந்த வாசனையும் வந்தது. புளித்த கள்ளு வாசனை.

அவர் கள்ளைத் தொட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. வேதக்கோயிலில் சபையார் எதிரில் கைநாட்டு வைத்துக் குடியை விட்டவர். சர்க்கார் கள்ளுக்கடைகளைப் பூட்டியபோதும் சரி, மறுபடி திறந்தபோதும் சரி, அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்காது. நற்கருணைக்கு உபதேசியார் உலர்ந்த திராட்சையை வேகவைத்து வடித்த தண்ணீரைக் கொடுப்பார். அதைக் குடித்துவிட்டு வந்து, "கானா ஊர் கல்யாணத்துல ஏசுசாமி தண்ணிய மாத்தி ஊத்தினது இதானாம்மா? வேதத்துல ரசம்னுதான் போட்டுக்கீது. மொளகு ரசமா இருக்கும்" என்பார்.

முந்தாநாள், தண்ணீர்கூட இறங்காமல் கிடந்தவர் மகளிடம் கேட்டார். "ஒரு வாய் கள்ளு குடும்மா. தொண்ட எரியுது."

குடித்துச் செத்தவனுக்கு மணி கிடையாது, கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது என்பது சபைக் கட்டுப்பாடு. அப்பாவை வேலிக்கு வெளியே புதைத்துவிடுவார்களே என்று பயந்து, முடியாது நைனா என்று சொல்லிவிட்டாள். அவர் மறுபடி கேட்கவில்லை. அதுதான் இப்போது அவள் நெஞ்சை அறுத்தது.

எலுமிச்சை பிழிந்து உதட்டைத் துடைத்தாள். வாசனை போகவில்லை. எங்கிருந்தோ ஒரு தேனீ வந்து, கள்ளுப்பானையைச் சுற்றுகிற மாதிரி அந்த வாயைச் சுற்றியது.

உச்சிவேளைக்குப் பெரியப்பா சுப்பன் திருவாலங்காட்டிலிருந்து வந்தார். தம்பி வேதத்தில் சேர்ந்தும் தான் முருகனோடு நின்றுகொண்டவர். கையில் ஓலை கட்டிய சின்னக் கலயம். செத்தவன் வாயில் சொட்டுக் கள் ஊற்றி அனுப்புவது அவர்கள் பழைய வழக்கம். சற்குணம் பதறி, அதைக் கொல்லையில் வேம்படியில் வைக்கச் சொன்னாள். உள்ளே வந்து உட்கார்ந்தவரிடம், ஏதாவது வாசனை வருகிறதா என்று கேட்டாள். ஊதுவத்திதான் வருகிறது என்றார்.

பிறகு உபதேசியார் வந்தார். குனிந்து, முகத்தோடு முகம் வைத்தாற்போல ஜெபம் பண்ணினார். அவர் நிமிர்ந்து, "சுத்தமா போய்ட்டாரும்மா. மணி அடிக்கச் சொல்றேன்" என்று சொல்லி, பெட்டிக்கும் ஆட்களுக்கும் போனார்.

காரியம் ஜெயம்தான். ஆனால் வேதக்கோயில் மணி ஆரம்பித்ததும் முடிச்சு தானாக அவிழ்ந்தது. வாய் முன்னைவிட அகலமாகத் திறந்தது. ஏதோ கேட்கிறவன் வாய் போல இருந்தது. வாசனை அறை முழுக்க ஏறியது. பெரியப்பா சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

அவள் கொல்லைக்குப் போய்க் கலயத்தைக் கொண்டுவந்தாள். ஓலையைப் பிரித்து, அப்பாவின் தலையைக் கொஞ்சம் தூக்கி ஊற்றினாள்.

"குடி நைனா."

ஒரு சொட்டுக்கூட வெளியே வழியவில்லை. கலயம் காலியானதும் உதடுகள் மெல்ல மூடிக்கொண்டன. தேனீயைக் காணோம். வாசனையும் நின்றுபோயிருந்தது. கலயத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

பெட்டியோடு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்த உபதேசியார், வாசற்படி தாண்டியதும் நின்றார். மூக்கை உறிஞ்சினார். மூடியிருந்த அந்த வாயைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"சற்குணம், என்னமோ வாசனை வருதே."

"எனக்கு ஒண்ணும் வர்லீங்களே ஐயா" என்றாள். அது சத்தியம்.

உபதேசியார் ஜீவரத்தினத்தின் வாயருகே குனிந்து நிமிர்ந்தார். பிறகு கூட வந்தவர்களைக் கால்பக்கம் போகச் சொல்லிவிட்டு, தலையைத் தானே தாங்கிப் பிடித்தார்.