இசைவாணி வராத மூன்று கூட்டங்கள்

1

இந்தக் கதை ஒரு குற்றவுணர்விலிருந்து பிறந்தது என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன், அது பெரிய வார்த்தை. உண்மையில் என் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த ஒரு தாளிலிருந்து பிறந்தது. மாதம் இரண்டு புத்தகம், வருடம் முழுக்கக் கறுப்பின எழுத்தாளர்கள் என்று என் கையெழுத்தில் இருந்தது. அந்தத் தாளைக் கழற்றி, இந்தக் கதையில் வரும் குந்தவையிடம் கொடுத்துவிட்டேன்.

குந்தவை வலங்கைமானில் ஆங்கில ஆசிரியை. நாற்பத்து மூன்று வயது. நல்லவள். (இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் உங்களுக்குச் சந்தேகம் வரலாம்.)

2

அவள் ஏழு பேரைச் சேர்த்து ஒரு வாசிப்பு வட்டம் தொடங்கினாள். மூன்று மாதம் நூலகத்தில் கூடினார்கள். அங்கே கட்டட வேலை ஆரம்பித்ததும் கூட்டம் குந்தவை வீட்டு மாடிக்கு வந்தது.

நூலகத்தில் அதிகம் பேசியவள் இசைவாணி. வேளாண்மை உதவி அலுவலர். மாடிக்கு மாறிய பிறகு அவள் வரவே இல்லை. ஒரு மாதம் ஆய்வு, ஒரு மாதம் காய்ச்சல், மூன்றாம் மாதம் காரணமே சொல்லவில்லை. குந்தவை வாட்ஸ்அப் குழுவில், ‘இலக்கை எட்டாதவர்கள் அடுத்த மாதமாவது முயற்சி செய்யவும்’ என்று எழுதி ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டாள்.

3

ஜூலை மாதப் புத்தகங்களில் ஒன்று நாவல். [நான் கற்பனை செய்தது, கடையில் தேடாதீர்கள்.] சமையல்காரியின் மகள் டாக்டராகி ஊர் திரும்புகிறாள். அம்மா வேலை செய்த வீட்டின் முன்வாசலில், அழைப்புமணியை அழுத்தலாமா கூடாதா என்று நாலு பக்கம் நிற்கிறாள். குந்தவை அந்த நாலு பக்கத்தையும் பஸ்ஸில் படித்து அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே அவளுக்கு

இந்த வாக்கியத்தை ஆறு முறை எழுதிப் பார்த்தேன், வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். இசைவாணியின் அம்மா, குந்தவையின் மாமனார் சிங்காரவேலுவின் வயலில் முப்பது வருடம் நடவு நட்டவர். வீட்டுக்கு வந்ததெல்லாம் கொல்லை வழியாகத்தான். அது அவளுக்கு நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்தது என்பதும் பொய். தெரிந்தேதான் இருந்தது.

4

பஸ்ஸை விட்டு இறங்கி நேரே இசைவாணி வீட்டுக்குப் போனாள்.

“குரூப்ல அப்படிப் போட்டிருக்கக் கூடாது, இசை.”

“எல்லா மாசமும் ரெண்டு புத்தகமும் முடிச்சுட்டேன் டீச்சர். ஒரு தடவை உங்க வீடு வரைக்கும் வண்டியில வந்தேன். உங்க மாமா வாசல்ல சேர் போட்டு உட்கார்ந்திருந்தாங்க. அப்படியே திருப்பிட்டேன்.”

“அடுத்த கூட்டத்தை இங்க வச்சுக்கலாமா?”

“வச்சுக்கலாம். நான் டீ போடுவேன், நீங்க போட்டோ எடுப்பீங்க. அதுவா டீச்சர் விஷயம்?”

“நான் என்ன செய்யணும், சொல்லுங்க.”

“அதையும் நானே சொல்லணுமா?”

(நியாயமான கேள்வி. குந்தவைக்குப் பாடம் நடத்த மட்டும் இவளை ஏன் கதைக்குள் கூப்பிட்டேன்? நல்லவேளை, குறுவைப் பயிரில் இலைச்சுருட்டுப்புழு என்று ஆலங்குடியிலிருந்து போன் வந்தது. அவள் தன் வேலையைப் பார்க்கக் கிளம்பினாள்.)

5

மறுநாள் மதியம் சிங்காரவேலு மோர்சாதம் பிசைந்துகொண்டிருந்தார்.

“மாமா, ஞாயித்துக்கிழமை இசைவாணியைக் கூப்பிடப் போறேன். அவங்க அம்மாவையும்.”

கை நின்றது. “கூப்பிடேன். நான் வேணாம்னா சொன்னேன்? எனக்கு அன்னைக்குக் கும்பகோணத்துல வேலை இருக்கு.”

“ஞாயித்துக்கிழமை என்ன வேலை மாமா?”

அவர் மறுபடி பிசையத் தொடங்கினார். மற்ற நாளாக இருந்தால் குந்தவை ரசக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருப்பாள்.

“நீங்க இருக்கணும் மாமா. வாசல்ல நின்னு நீங்கதான் ‘வாங்க’ன்னு சொல்லணும். நான் சொன்னா அது வேற.”

கல்யாணமாகி இருபது வருடத்தில் அவரிடம் அவள் ஒன்று வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். கழுவி முடித்த பிறகும் வெகுநேரம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

6

ஞாயிறு காலை பத்து மணி. சிங்காரவேலு ஊரில்தான் இருந்தார். இசைவாணி வண்டியை நிறுத்தினாள். பின்னாலிருந்து அவள் அம்மா இறங்கி, பழக்கத்தில் கொல்லைக்குப் போகும் பக்கவாட்டுச் சந்துப் பக்கம் இரண்டடி வைத்துவிட்டு நின்றார். சிங்காரவேலு நாற்காலியிலிருந்து எழுந்தார்.

முடிவு ஒன்று: “வாங்க” என்றார், எல்லோரும் அழுதார்கள். அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: உள்ளே போய்க் கதவை

வேண்டாம்.

அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. உண்மையாகவே தெரியாது. நான் இப்படி ஒருத்தியை வீட்டுக்குக் கூப்பிடப்போகிறேன் என்றபோது, என் மாமனாரும் கும்பகோணத்தில் வேலை இருக்கிறது என்றுதான் சொன்னார். நான், “சரி மாமா, போயிட்டு வாங்க” என்று பையை எடுத்துக் கையில் கொடுத்தேன். குந்தவை கேட்டதை நான் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு வரும் பதிலை எப்படி எழுதுவது?

சிங்காரவேலு நின்றுகொண்டிருக்கிறார். அந்த அம்மா செருப்பைக் கழற்றுகிறார். உங்களில் யாராவது உங்கள் வீட்டில் கேட்டிருந்தால், மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள்.