பேரும் மேரும்

ஜஹபர் நிஷா பையைக் கீழே போடுவதற்கு முன்பே சேதியைப் போட்டாள்.

"அம்மா, நாளைக்கு பேரும் மேரும் வரணுமாம். எங்க கிளாஸ் மதாம் சொன்னாங்க."

சமோசாவுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மஹ்பூபாவின் கை நின்றுவிட்டது. புதுச்சேரியில் மேர் என்றால் நகரசபைத் தலைவர். பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறி மூன்று வருஷமாகியும் அந்தச் சொல் மட்டும் கப்பலேறவில்லை. பிறப்பானாலும் இறப்பானாலும் அவருடைய ஆபீஸில்தான் பேர் எழுத வேண்டும். அப்பேர்ப்பட்டவர் ஒன்றாம் வகுப்புக்கு எதற்கு வருகிறார்? தலாக் ஆன வீட்டுப் பிள்ளை என்று எவரோ கோள் சொல்லியிருக்க வேண்டும். பேரை வெட்டப்போகிறார்கள். இல்லையென்றால், பிள்ளையை அத்தாவிடம் விடச் சொல்லப்போகிறார்கள். கற்பனைக்கு அவளிடம் பஞ்சமே கிடையாது. வெங்காயம் கையில் இருந்தது வசதியாகப் போயிற்று, ஆசை தீர அழுதாள்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, பிள்ளையுடன் உப்பளம் வட்டாரத்தில் இருந்த அதன் அத்தா கமருஸ்ஸமானின் சைக்கிள் கடைக்குப் போனாள். ஒரே வீட்டில் இருந்தவரை இருவருக்கும் பேச்சென்றால் சண்டைதான். பிரிந்த பிறகு அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளை மட்டும் போய்வரும். இப்போது அவள் அங்கே தொங்கிய ஒரு டயரைப் பார்த்து விஷயத்தைச் சொன்னாள். "என்னங்க" என்று கூப்பிட உரிமையில்லை, பேர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை, பாவம், டயர் என்ன செய்யும்.

கமருஸ்ஸமான் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"எங்கிட்ட விடச் சொன்னா ஒத்துக்கமாட்டேன்" என்றான். "எனக்கு ஒரு ரிப்பன் கட்டக்கூட வராது. அவ உங்கிட்டதான் இருக்கணும். மேர்கிட்டயே சொல்றேன்."

இத்தனை வருஷத்தில் அவன் சொன்னதிலேயே நல்ல பேச்சு இதுதான் என்று மஹ்பூபாவுக்குத் தோன்றியது. டயரிடம் தலையாட்டினாள்.

மறுநாள் வகுப்பறையில் மதாம் அவனைப் பார்த்துச் சிரித்தபடி, "பேர்?" என்றார்.

"கமருஸ்ஸமான்."

மதாம் ஒரு கணம் விழித்துவிட்டு மஹ்பூபா பக்கம் திரும்பினார். "மேர்?"

அவ்வளவுதான். இரவெல்லாம் அடக்கி வைத்திருந்தது உடைந்துவிட்டது.

"மேர் எங்களுக்குப் பழக்கமில்லைங்க மதாம். புள்ள பேர வெட்டிராதீங்க. சமோசா போட்டு வித்தாவது நான் படிக்க வெச்சிடுவேன். எங்கிட்டேருந்து மட்டும் பிரிச்சிராதீங்க."

"ஆமாம் மதாம், அவகிட்டதான் இருக்கணும்" என்றான் கமருஸ்ஸமான்.

மதாமுக்கு விஷயம் பிடிபடக் கொஞ்ச நேரமாயிற்று. பிடிபட்டதும் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஐயோ, பிரெஞ்சில பேர்னா அப்பா! மேர்னா அம்மா! நம்ம புள்ளைங்க பாடறதக் கேக்கத்தாம்மா உங்களக் கூப்பிட்டேன்!"

கமருஸ்ஸமான்தான் முதலில் வெடித்தான். மஹ்பூபா முந்தானையால் வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்து இப்படிச் சிரித்ததில்லை. பாடுவதற்கு நின்ற பிள்ளைகளும் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள்.

பாட்டு முடிந்து வாசலுக்கு வந்ததும் அவன் மகளின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, சைக்கிளில் ஏறி அவன் வழியே போனான். மஹ்பூபா தன் வழியே நடந்தாள். நிஷா நாலடி முன்னால் ஓடினாள்.

"தள்ளுங்க, தள்ளுங்க! மேர் வராங்க!"

டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் பதறி எழுந்து, மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டு நின்றார்கள். மஹ்பூபா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அவசரமே இல்லாமல் அவர்களைக் கடந்து போனாள்.