தந்தி அக்கா

தேர்வுக்கூடக் கதவில் கை வைத்தவள், தள்ளாமலேயே எடுத்துக்கொண்டாள். கண்ணாடி வழியே மூன்றாவது வரிசையில் மகள் தெரிந்தாள். குனிந்த தலையோடு எழுதிக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம்.

கொழுந்தன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. குறுக்கே காரை நிறுத்திவிட்டு நியாயம் பேசிய பேராசிரியர் ஒருவரோடு அப்போது மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "அண்ணன் போயிட்டாரு, அண்ணி" என்றான். பேராசிரியர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தார். இருந்த லீவையெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே தீர்த்தாயிற்று, இல்லாவிட்டால் இன்றைக்கு இங்கே எதற்கு வருகிறாள்? சனியன் பிடித்த வேலை.

இருபத்திரண்டு வருடமாகப் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு அதிகாரி. எந்தப் பிள்ளையின் வீட்டில் சாவு விழுந்தாலும், போய்ச் சொல்லும் பொறுப்பை அவள் தலையில்தான் கட்டுவார்கள். அவளுக்குத்தான் பக்குவமாகச் சொல்ல வருமாம். தந்தி அக்கா என்று ஒரு நூலகர் கிண்டலாக வைத்த பெயர், தந்தியையே பார்த்திராத பிள்ளைகளிடமும் ஒட்டிக்கொண்டது. பரீட்சை நடுவே தோளைத் தொட்டு அழைத்துவந்ததும் உண்டு. அப்போதெல்லாம் கை கூசியதில்லை.

நேற்று கணவர் மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். "அவ எழுதிட்டு வரட்டும். அழுகை எங்க ஓடியா போகுது?"

மகள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னது நேர்மாறு. ஏதாவது ஆனால் பாதியிலேயே வந்து கூப்பிட வேண்டும், மறைத்தால் ஜென்மத்துக்கும் பேச மாட்டாளாம். இரண்டு பேருக்கும் சரி சரி என்று தலையாட்டி வைத்திருந்தாள்.

கண்காணிப்பாளர் எட்டிப் பார்த்து, யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டார். யாரையும் இல்லை, சும்மா ரவுண்ட்ஸ் வந்தேன் என்றாள். பிறகு கண்ணாடியில் தெரியாதபடி நகர்ந்து சுவரில் சாய்ந்தாள். லிஃப்டில் யாரோ மாட்டிக்கொண்டதாக இடுப்பில் வாக்கிடாக்கி கத்தியது. வேறு ஆளை அனுப்பச் சொன்னாள். கால் கடுத்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதென்று பயமாக இருந்தது. பேசாவிட்டால் பேசாமல் போகட்டும், பிள்ளைக்கு அவள் அப்பா இன்னும் ஒன்றரை மணி நேரம் உயிரோடு இருக்கட்டும் என்று நினைத்தாள்.

மணி அடித்தது. வெளியே வந்த பிள்ளைகள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு ஒதுங்கிப் போனார்கள். மகள் கடைசியாக வந்தாள்.

"எப்படி எழுதின?" என்று கேட்டாள்.

"எல்லாத்தையும் எழுதிட்டேன்மா." மகள் தரையைப் பார்த்தாள். "நீ கதவுல கை வெச்சப்பவே பார்த்துட்டேன். நீ உள்ள வரலையா... சரி, அப்பாதான் எழுதச் சொல்லியிருப்பாருன்னு எழுதினேன்."

அவள் மகளின் வலது கையைப் பிடித்தாள். விரல்கள் பேனா பிடித்த மாதிரியே மடங்கிக் கிடந்தன. ஒவ்வொன்றாக நீவி விட்டுக்கொண்டே படியிறங்கினாள்.