குடிக்காத காபி

எங்கள் அரபு ஊரான கரக்கில் உள்ள மருத்துவக் கல்லூரியில் தேர்வு வந்தால் நான் நோயாளியாக நடிப்பேன். அன்றைக்கு எனக்குப் புற்றுநோய். அதை என்னிடம் சொல்லும் மாணவருக்கு எவ்வளவு பரிவு இருக்கிறது என்று இருபதுக்கு மார்க் போட வேண்டும். கண்ணைப் பார்த்துப் பேசினாரா, டிஷ்யூ நீட்டினாரா, ‘உங்க வேதனை புரியுது’ என்றாரா என்று படிவத்தில் கட்டம் கட்டமாகக் கேட்டிருக்கும்.

பன்னிரண்டு பேர் வந்தார்கள். பன்னிரண்டு பேருக்கும் என் வேதனை புரிந்தது, வாய்ப்பாடு ஒப்பிப்பது போல. மடியில் டிஷ்யூ குவிந்ததுதான் மிச்சம்.

பதின்மூன்றாவது தய்சீர். ஏற்கெனவே ஒரு முறை தோற்றவன். இதிலும் பத்து வாங்காவிட்டால் கல்லூரியை விட்டே அனுப்பிவிடுவார்கள். மூத்த பெண்களை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது என்று வளர்ந்த பிள்ளை, குனிந்த தலை நிமிராமல் விஷயத்தைச் சொன்னான். எனக்கே எரிச்சலாக இருந்தது. பிறகு மேசையைப் பார்த்தான். அப்போதுதான் கொண்டுவந்து வைத்த என் காபியில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

“சின்னம்மா, காபியத் தொடவே இல்லையே. என்கிட்ட ஏதாச்சும் கேக்கணுமா?”

எங்கள் பக்கம் ஒரு கோரிக்கையோடு போனவர், சரி என்று வாக்கு கிடைக்கும்வரை காபியைத் தொடமாட்டார். நான் அப்படி நினைத்து வைக்கவில்லை, நடிப்பு மும்முரத்தில் மறந்துவிட்டேன். ஆனால் அவன் கேட்டதும், எழுதிக் கொடுக்காத வசனம் வாயில் வந்துவிட்டது.

“எம் பொண்ணுகிட்ட யாரும் சொல்லிடாதீங்கப்பா. நானே சொல்லிக்கிறேன்.”

“நீங்க சொல்ற வரைக்கும் என் வாயிலேர்ந்து வராது. குடிங்க சின்னம்மா.”

குடித்தேன். நிஜமாகவே அழுதேன். படிவப்படி கூட்டினால் ஆறு மார்க்.

அவனைத் தோற்கடிக்கக் கூடாது என்று, படிவத்தோடு தேர்வுப் பொறுப்பாளர் டாக்டர் ஃபவ்வாஸிடம் போய் நின்றேன்.

“அவன் உங்க முகத்தையே பாக்கலையே, சின்னம்மா!”

“கோப்பையப் பாத்தான்ல?”

“அதுக்குக் கட்டம் இல்லையே, நான் என்ன பண்ண?”

உட்காரச் சொல்லி, தன் பிளாஸ்க்கிலிருந்து சுடச்சுடக் காபி ஊற்றிக் கொடுத்தார். வாங்கி மேசையில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். விதிமுறைகளைப் பற்றி நீட்டி முழக்கினார். முடித்து எழுந்தபோதுதான் கோப்பை கண்ணில் பட்டது. அவரும் இந்த ஊர்க்காரர்தானே. சிரிப்பும் கோபமுமாக நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“அடாவடி பண்றீங்க! சரி, நாளைக்கு அவன வார்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். நிஜ நோயாளிகிட்ட எப்படி இருக்கான்னு பாத்து மார்க் போடுறேன். போதுமா? குடிங்க.”

எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

“ஆறிப்போச்சு டாக்டர்,” என்றேன். “அந்தப் பையன் சூடா இருக்கும்போதே பாத்துட்டான்.”