யார் முதலில் விடுவது

சசாங்க்கைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஹைதராபாத்தில் அந்தச் சின்ன கேம் கம்பெனியில் அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவன் டப்பாவைத் திறந்தால் வரும் கோங்குரா ஊறுகாய் வாசனையையும் வாயைத் திறந்தால் வரும் நக்கலையும் பொறுத்துக்கொண்டவள் நான். இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

சங்கராந்திக்கு வெளிவர வேண்டிய பட்டச் சண்டை விளையாட்டு அது. பட்டத்துக்கான நிரல் அவன் எழுதியது, நூலுக்கான நிரல் நான் எழுதியது. இரண்டு பேருமே ஒப்பந்தத்தில் இருந்தோம். விளையாட்டு வெளிவந்ததும் ஒருவரை நிரந்தரமாக்கப் போவதாகக் கம்பெனியை நடத்தும் ரத்னகுமாரி மேடம் சொல்லியிருந்தார். அந்த வேலை எனக்கு வேண்டும். அவனுக்குக் கிடைக்கக் கூடாது என்பது அதைவிட முக்கியம்.

ஆனால் விளையாட்டு ஓடவில்லை. கொஞ்ச நேரம் ஆடினாலே போன் அடுப்பு மாதிரி சுட்டு, அப்படியே மூடிக்கொண்டது. மெமரி நிரம்பி வழிந்தது. காரணம் இரண்டு பேருக்கும் தெரியும்.

நாங்கள் எழுதிய மொழியில் ஒரு பொருளை யாராவது பிடித்துக்கொண்டிருக்கும்வரை அது மெமரியைவிட்டுப் போகாது. கடைசிப் பிடியும் விட்டால்தான் அது அழிந்து இடம் காலியாகும். முன்பு பட்டத்தை அவன் நிரல் மட்டுமே பிடித்திருந்தது. முதலீட்டாளர்கள் விளையாட்டைப் பார்க்க வந்த அன்று, அறுபட்ட பட்டத்தின் பிடியை எனக்குச் சொல்லாமல் விட்டுவிட்டான். இல்லாத பட்டத்தை என் நூல் தேடப் போய், எல்லார் முன்னாலும் விளையாட்டு விழுந்தது. “நூல்லதான் கோளாறு” என்றான் கூசாமல். அன்றே பட்டத்தை என் நூல் இறுக்கிப் பிடிக்கும்படி மாற்றினேன். நானும் பழிவாங்குவேன் என்று பயந்து, அவன் பட்டம் என் நூலைப் பிடிக்கும்படி எழுதினான். அதன்பின் அறுபட்ட ஒவ்வொரு பட்டமும் தன் நூலைக் கட்டிப்பிடித்தபடி, திரையில் தெரியாமல் மெமரியில் கிடந்தது.

ஒரு வரியை மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் மாற்றுகிறவர் பெயர் பதிவாகும். தப்பு அவருடையது என்று ஆகிவிடும்.

“உங்க நூலு விட்டாத்தானே என் பட்டம் போகும், பிந்து காரு?” என்றான். எங்களுக்குள் பேச்சு முறிந்த நாளிலிருந்துதான் இந்தத் தெலுங்கு ‘காரு’, மரியாதை எல்லாம்.

“உங்க பட்டம் முதல்ல விடட்டும், சசாங்க் காரு. ஆரம்பிச்சது அதுதானே.”

“பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது.”

“ஆம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு பயமும் ஆகாது.”

மேடம் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். “ரெண்டு பேர்ல ஒருத்தர் விடுங்கப்பா. யாரு மாத்தினாலும் நான் கேக்க மாட்டேன்.”

நான் சசாங்க்கைப் பார்த்தேன். அவன் ஜன்னலைப் பார்த்தான். “அவர் விட்டா நான் விடறேன், மேடம்” என்றேன். “அவங்க முதல்ல” என்றான். மேடம் தலையை ஆட்டிவிட்டு எங்களைப் போகச் சொன்னார். அவன் திட்டு வாங்கப் போகிறான் என்று எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம்.

திங்கட்கிழமை மேடம் ஒரு போனை எங்கள் மேசைக்கு நடுவில் வைத்தார். விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பட்டங்கள் அறுந்தன, மறைந்தன. மெமரி அளவைக் காட்டும் கோடு ஏறாமல் படுத்துக் கிடந்தது.

“யாரு மாத்தினது?” என்று கேட்டேன். சசாங்க் என்றால் செத்தேன் என்று நினைத்தேன்.

“நான்தாம்மா. நேத்து உக்காந்து எழுதினேன். இப்போ பட்டம் தனி, நூல் தனின்னு கிடையாது. ரெண்டும் ஒண்ணு. ஒருத்தரை ஒருத்தர் பிடிக்கவேண்டிய வேலையே இல்ல.”

“அப்போ அதைப் பாத்துக்க ஒரு ஆள் போதுமே, மேடம்” என்றேன் அவசரமாக. என்னைத்தான் சொல்லப்போகிறார் என்று நாற்காலியில் நிமிர்ந்துகூட உட்கார்ந்தேன். பக்கத்தில் அவனும் நிமிர்ந்தான்.

“போதும்தான். அதை நானே பாத்துக்கறேன்” என்றார் மேடம். “உங்க ரெண்டு பேர் ஆபீஸ் ஐடி கார்டையும் வாசல்ல குடுத்துட்டுப் போங்க.”