தொண்ணூறு கிலோமீட்டர் சூளை

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் இன்சுலேட்டர் பட்டறை வைத்திருக்கும் கொளஞ்சிநாதனும் அவர் மனைவி செல்வநாயகியும் 2023 ஆவணியில் கன்னியாகுமரி வரை காரில் போய்விட்டு, ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு சிறுத்துத் திரும்பி வந்தார்கள். ஐந்தரை அடி மனிதர் ஐந்தடிக்கு அரை அங்குலம் குறைவாக இறங்கினார். செல்வநாயகி கார்க் கதவைத் திறக்கும்போதே வளையல்கள் கழன்று விழுந்தன. அன்று மழை இல்லை. தக்காளி கிலோ முப்பது ரூபாய்.

அவர்கள் போனது சாமி கும்பிடவோ கடல் பார்க்கவோ அல்ல. டேங்க்கை ஒருமுறை நிரப்பினால் புதுக் கார் எவ்வளவு தூரம் ஓடும் என்று கொளஞ்சிநாதனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. புகையின் நிறத்தைப் பார்த்தே சூளையில் எத்தனை லிட்டர் எண்ணெய் எரிந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிற மனிதர், கார் விற்றவர்கள் கொடுத்த காகிதத்தை நம்புவாரா? கழுத்து வரை பெட்ரோல் நிரப்பிக்கொண்டு கிளம்பினார். கன்னியாகுமரியில் செல்வநாயகி கடலில் கால் நனைத்தாள், அவர் கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டார். மறுநாள் திரும்பும் வழியில், துவரங்குறிச்சி தாண்டியதும் முள் அடியைத் தொட்டது. திருச்சி வந்ததும், "கொஞ்சம் போட்டுக்கலாங்க" என்றாள் அவள். "போட்டா கணக்கு கெட்டுப் போவும்" என்றார் அவர். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச எங்கள் தொழிற்பேட்டையில் ஆள் கிடையாது.

பாடாலூரில் பெட்ரோல் சுத்தமாகத் தீர்ந்தது. இஞ்சின் சத்தம் நின்றது, கார் நிற்கவில்லை. அங்கிருந்து வீடு தொண்ணூறு கிலோமீட்டர். அத்தனை தூரமும் சத்தமே இல்லாமல், வேகம் குறையாமல் ஓடியது. பெரம்பலூரில் சீட்டு சுட்டது. தொழுதூரில் காருக்குள் சூளை வாடை வந்தது. வெள்ளைக் கார் ஒன்றின் கண்ணாடிக்குள் பட்டப்பகலில் ஆரஞ்சு வெளிச்சம் தகதகத்ததையும், அதில் இரண்டு பேர் அசையாமல் உட்கார்ந்திருந்ததையும் திட்டக்குடி கடைத்தெருவில் நின்றவர்கள் பார்த்திருக்கிறார்கள். நாய்கள் குரைக்காமல் ஒதுங்கிப் படுத்துக்கொண்டன. பெண்ணாடத்தில் கொளஞ்சிநாதன் மூச்சு முட்டிக் கண்ணாடியை இறக்கப் போனார். "தொறக்காதீங்க, சூடு அடங்கல!" என்று செல்வநாயகி கத்தினாள். சூடு ஆறுவதற்குள் சூளையைத் திறந்தால் உள்ளே இருக்கும் சாமான் கீறல் விடும் என்பது நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்குக்கூடத் தெரியும். முப்பது வருஷம் சூளை போட்ட மனிதர் திறந்தார். ஆவணிக் காற்று அவருடைய வலது தோளில் சில்லென்று பட்டது.

ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. பச்சை மண் சூளைக்குப் போனால் பத்தில் ஒரு பங்கு சுருங்கித்தான் வெளியே வரும், அதற்காகவே நாங்கள் அச்சைப் பெரிதாக வைக்கிறோம். பட்டறையில் மண் பிசையும் காசியம்மாள் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வெந்துட்டாங்க, வேற என்னா" என்று தன் வேலைக்குத் திரும்பினாள். தையல்காரர் துணிகளைப் பிடித்துக் கொடுத்தார். அதன் பிறகு அவர்களுக்கு வியர்க்கவில்லை. கொசு அவர்கள் மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போனது. சோறு போடும்போது கையோடு கை பட்டால் டீ கிளாஸ்கள் மோதுகிற சத்தம் கேட்டது.

செல்வநாயகிக்குப் பட்டறையில் ஒரே வேலை. வெந்து வந்த ஒவ்வொரு இன்சுலேட்டரையும் சின்னக் கம்பியால் தட்டிக் கேட்பாள். கணீரென்றால் லாரிக்கு, மொத்தென்றால் உடைசல் குவியலுக்கு. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கீறல் சாமான்கூட அவள் காதைத் தாண்டிப் போனதில்லை. ஊர் திரும்பிய நாலாம் நாள் கொளஞ்சிநாதன் விளையாட்டாக, "என்னையும்தான் தட்டிப் பாரேன்" என்று தோளைக் காட்டினார். நகத்தால் தட்டினாள். மொத்தென்றது. "கணீர்னு இருக்குதுங்க" என்றாள்.

அத்தோடு விட்டாரா என்றால் இல்லை. ஒருமுறை வெந்த சாமானுக்கு மெருகு பூசி மறுபடி சூளையில் வைப்பதுபோல, தாங்களும் இன்னொரு தரம் பெட்ரோல் தீரத் தீர ஓட்டிப் பார்க்க வேண்டும், இந்தத் தடவை ஐதராபாத் வரை என்று சொல்ல ஆரம்பித்தார். கீறல் சாமான் இரண்டாம் சூளையில் வெடிக்கும். தோளில் கீறல் என்று அவரிடம் சொன்னால் அவர் தன்னைத்தானே உடைசல் குவியலில் சேர்த்துவிடுவார் என்று அவள் பயந்தாள். புரட்டாசியில் முட்டிவலி என்றாள், ஐப்பசியில் மழை என்றாள், கார்த்திகையில் சாவியை அரிசிப் பானையில் ஒளித்தாள். தை பிறந்ததும் அவர் மாற்றுச் சாவியோடு காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவள் காருக்கு முன்னால் போய் நின்றாள்.

"போவாதீங்க. நான் பொய் சொன்னன். உங்களுக்குக் கீறல் இருக்குது."

"தெரியும்" என்றார் கொளஞ்சிநாதன். "இத்தினி வருஷமா நீ தட்டுற சத்தத்தக் கேட்டுக்கினுதான இருக்கேன். எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா கெளம்புனீங்க?"

"நீ எப்பதான் சொல்லுவேனு பாத்தேன்." ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். "உன் காது பொய் சொல்லாதுன்னு ஊரே பேசுது, செல்வநாயகி."

"காது சொல்லலீங்க. வாய்தான் சொல்லிச்சு."

அவர் சாவியைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். காசியம்மாள் லாரிக்கு இன்சுலேட்டர் அடுக்கும் வைக்கோலில் ஒரு கட்டு எடுத்து வந்தாள். டிரைவர் சீட்டில் முதுகுக்கும் தோளுக்கும் பதமாகப் பரப்பினார்கள்.

இன்றும் வெள்ளிக்கிழமை காலையில் அவர்கள் அந்தக் காரில் ஸ்ரீமுஷ்ணம் போய்விட்டு வருகிறார்கள். வேகம் இருபதுக்கு மேல் போவதில்லை, பள்ளம் வந்தால் பத்து. பின்னால் வரும் தனியார் பஸ்காரர்கள்கூட ஹார்ன் அடிப்பதில்லை. முள் பாதிக்கு வந்துவிட்டால் செல்வநாயகி பங்க்கைப் பார்த்துக் கை நீட்டுவாள், அவர் மறுபேச்சில்லாமல் திருப்புவார். ஏறுவதற்கு முன்பு அவள் அவருடைய வலது தோளை நகத்தால் ஒருமுறை தட்டுவாள். மொத்தென்ற அந்தச் சத்தம் பட்டறையில் உள்ள எல்லோருக்கும் கேட்கும்.

"எப்படி இருக்குது?" என்பார்.

"கணீர்னு இருக்குதுங்க" என்பாள்.

"அப்ப சரி" என்று வைக்கோலில் சாய்ந்துகொண்டு வண்டியை எடுப்பார்.